தன்வேதனைக் காட்சியும் நார்மல் ரிப்போர்ட்டும்

பெங்களூரு ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸும் ராஜீவ் காந்தி நெஞ்சக நோய் நிறுவனமும் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று மனத்துக்கும் நரம்புக்கும் உரியது, மற்றது நுரையீரலுக்கு உரியது. இரண்டுக்கும் நடுவே சில நிமிட நடைதான். கோவிட் வந்து போன பிறகு இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்று சொல்லும் இருபத்தைந்து வயதுக்காரரைப் பற்றி நாம் யோசிக்கும் விதமும் அந்தச் சில நிமிட நடைக்குள் முடிந்துவிடுகிறது. எக்ஸ்ரே தெளிவு. எக்கோ சரி. ஸ்பைரோமீட்டரில் ஊதச் சொன்னால் வயதுக்கும் உயரத்துக்கும் வர வேண்டிய அளவு வந்துவிடுகிறது. விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறது. ரிப்போர்ட் நார்மல். அப்படியானால் நெஞ்சில் ஒன்றுமில்லை. நெஞ்சில் இல்லையென்றால் மனத்தில்தான் இருக்க வேண்டும். மனத்தில் இருப்பதென்றால் அது நினைப்புத்தான். வீட்டாரும் மேலாளரும், சில சமயம் அவரேகூட, இந்த மூன்று படிகளையும் ஒரே மூச்சில் ஏறிவிடுகிறார்கள். குறை அந்த இரு நிறுவனங்களுடையதல்ல. நம் சிந்தனையின் பாகப்பிரிவினை நகரத்தின் வரைபடத்திலும் தற்செயலாகப் பதிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

‘எனக்கு மூச்சு வாங்குகிறது’ என்று ஒருவரும் ‘உனக்கு ஒன்றுமில்லை’ என்று ஒரு தாளும் சொல்லும்போது எதை எதற்குச் சான்றாகக் கொள்வது? இது மருத்துவத்துக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல. அறிவு எப்படி அறிவாகிறது என்ற கேள்வி. அதற்கென்று நம் மரபில் ஒரு துறையே உண்டு. வடமொழியில் பிரமாணம், தமிழில் அளவை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் செய்த சிவஞான சித்தியார், இறைவன் உண்டா என்ற வாதத்துக்குள் நுழையும் முன்பே அளவையை எடுத்துப் பேசிவிடுகிறது. எதைக் கொண்டு நிறுப்பது என்று தெரியாமல் எதையும் நிறுக்க முடியாது அல்லவா? காண்டல், கருதல், உரை என்று மூன்று அளவைகள். அவற்றில் காண்டலை மீண்டும் நான்காகப் பிரிக்கிறார்கள்: இந்திரியக் காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி. இவற்றுள் மூன்றாவதுதான் நம் இருபத்தைந்து வயதுக்காரருக்கு வேண்டியது. தன்னுள் நிகழும் இன்பத்தையும் துன்பத்தையும் உயிர் நேராக அறிவது தன்வேதனைக் காட்சி. வேதனை என்றால் இன்று நமக்கு வலி மட்டும்தான். அந்தச் சொல்லின் வேரில் இருப்பது அறிதல். சைவ சித்தாந்திகள் இதைக் கருதலுக்குள் தள்ளவில்லை, ‘அவன் சொல்கிறான், போகட்டும்’ என்று உரைக்குள்ளும் ஒதுக்கவில்லை. கண்ணால் குடத்தைப் பார்ப்பதற்கு என்ன தகுதியோ அதே தகுதியை இதற்கும் கொடுத்தார்கள்.

மூச்சிரைப்பை உணர்பவருக்கு, தான் என்ன உணர்கிறார் என்பதில் முழு அதிகாரம் உண்டு. ஏன் உணர்கிறார் என்பதில் அந்த அதிகாரம் கிடையாது. முன்னது காண்டல், பின்னது கருதல். காண்டலைக் கருவி மறுக்க முடியாது. கருதலைக் கருவி மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும். கோவிட்டுக்குப் பிந்தைய நம் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த எல்லைக்கோட்டை ஏதாவது ஒரு பக்கத்திலிருந்து தாண்டியதால் வந்தவை என்றே எனக்குப் படுகிறது.

முதலில் சான்றுகளைப் பார்ப்போம். இளையோரைப் பற்றிய ஆய்வுகளில் பெரிய தொல்லை, நோய்க்கு முன் அவர்களுடைய உடல்திறன் எவ்வளவு இருந்தது என்று யாரும் அளந்து வைத்திருக்கமாட்டார்கள் என்பது. ராணுவம் மட்டும் விலக்கு. அங்கே சேரும்போதே ஓடவிட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். 2020-இல் சுவிட்சர்லாந்து ராணுவப் பயிற்சியாளர்கள் 199 பேரிடம் நடந்த ஆய்வில், நோய்க்கு முந்தைய ஓட்டமும் பிந்தைய ஓட்டமும் கையில் இருந்தன. வயதின் இடைநிலை அளவு 21. கோவிட் அறிகுறிகளோடு வந்து குணமானவர்களில் சுமார் 19 விழுக்காட்டினருக்கு, உடல் உச்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்ஸிஜனின் அளவு பத்து விழுக்காட்டுக்கும் மேல் இறங்கியிருந்தது. தொற்றே வராதவர்களிடம் அப்படி ஒருவர்கூட இல்லை. அது நோய் கண்டு ஒன்றரை மாதம் கழித்து எடுத்த கணக்கு. போகப்போகச் சரியாகியிருக்கலாம் என்று சொல்ல இடமுண்டு. ஆனால் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையினரிடம் நடந்து 2024-இல் வெளியான ஆய்வு அந்த இடத்தையும் சுருக்கிவிட்டது. அவர்களுடைய வயதின் இடைநிலை அளவு பதினெட்டுதான். தொற்று வந்த 798 பேரில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு நீடித்த தொந்தரவுகள் இருந்தன. அப்படி இருந்தவர்கள், பெருந்தொற்றுக்கு முந்தைய வீரர்களைவிட மூன்று மைல் ஓட்டத்தை ஏறத்தாழ 25 நொடி பிந்தி முடித்தார்கள். இருபத்தைந்து நொடி என்ன பெரிய நட்டம் என்று கேட்கலாம். கப்பன் பூங்காவில் விடியற்காலையில் ஓடுகிறவர்களிடம் கேட்டால் சொல்வார்கள், அந்த நொடிகளைக் குறைக்க எத்தனை மாதம் பிடிக்கும் என்று.

இதற்கு நேர் எதிர்போலத் தோன்றும் ஒன்றும் உண்டு. ஸ்வீடனில் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனிக்கப்பட்டு வரும் இளையோர் 661 பேரின் நுரையீரல் அளவுகளை, கோவிட்டுக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டார்கள். சராசரி வயது 22. தொற்று வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் வேறுபாடே தெரியவில்லை. அப்படியானால் சுவிஸ் ஆய்வு பொய்யா, ஸ்வீடன் ஆய்வு பொய்யா? இரண்டும் மெய்தான். ஒன்று ஓட்டத்தை அளந்தது, மற்றது ஊதலை அளந்தது. நுரையீரலுக்குள் எவ்வளவு காற்று போய், எவ்வளவு வேகத்தில் வெளியே வருகிறது என்பதை மட்டுமே ஸ்பைரோமீட்டர் பார்க்கும். அந்தக் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் இரத்தத்துக்குள் இறங்கியதா, இரத்தம் அதைத் தொடைத் தசை வரை கொண்டுபோனதா, தசை அதை வாங்கிக்கொண்டதா என்பதெல்லாம் அதன் பார்வைக்கு அப்பாற்பட்டவை. அதுவும் உட்கார்ந்திருக்கும்போது எடுத்த அளவு. மாடிப்படி அந்த அறையில் இல்லை.

பழைய அளவை நூலோர் இங்கேதான் கைகொடுக்கிறார்கள். ஒரு பொருள் இல்லை என்பதை எப்படி அறிவது? பாட்ட மீமாம்சகர்களும் அத்வைதிகளும் அனுபலப்தி என்றொரு பிரமாணத்தைச் சொன்னார்கள். காணாமையால் இன்மையை அறிவது. சித்தியாரும் இன்மையை எண்ணிச் சொல்லிவிட்டுத் தன் மூன்று அளவைகளுக்குள் அடக்கிக்கொள்கிறது. ஆனால் காணாமை எல்லாமே இன்மைக்குச் சான்றாகாது என்று அவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். இருந்திருந்தால் கண்டிருக்கலாம் என்ற தகுதி இருக்க வேண்டும். வெளிச்சமுள்ள அறையில் குடம் தெரியவில்லை என்றால் குடம் இல்லை. இருட்டறையில் தெரியவில்லை என்றால் தெரியவில்லை, அதற்கு மேல் ஒன்றுமில்லை. நார்மல் ரிப்போர்ட்டை ‘நோய் இல்லை’ என்று படிப்பவர், இருட்டறையை எட்டிப் பார்த்துவிட்டுக் குடம் இல்லை என்று சத்தியம் செய்கிறார்.

வெளிச்சம் கொண்டுபோனவர்கள் என்ன கண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் ஸெனான் வாயுவைச் சுவாசிக்கச் செய்து எம்ஆர்ஐ எடுத்தார்கள். அந்த வாயு ஆக்ஸிஜனைப் போலவே நுரையீரலின் காற்றறையிலிருந்து இரத்தத்துக்குள் நுழையும். நுழையும் வேகத்தைப் படத்தில் பார்க்கலாம். சிடி ஸ்கேனில் குறை காணாத, மருத்துவமனையில் சேராமலேயே கோவிட்டைக் கடந்துவந்த, ஆனால் மூச்சிரைப்பு விடாத பலரிடம் அந்த நுழைவு மந்தமாக இருந்தது. சிறிய ஆய்வு, சர்ச்சை இன்னும் ஓயவில்லை. அமெரிக்காவில் பத்து நோயாளிகளுக்குக் குழாய்கள் செருகி சைக்கிள் மிதிக்கவிட்டு அளந்தபோது, நுரையீரலும் இதயமும் தம் வேலையைச் செய்திருந்தன. இரத்தம் கொண்டுவந்த ஆக்ஸிஜனைத் தசைகள் எடுக்காமலே திருப்பி அனுப்பியிருந்தன. நம் பக்கத்தில் வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் கோவிட்டிலிருந்து மீண்ட 207 பேரைச் சோதித்து 2023-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்கள் எல்லோரும் இளையவர்கள் அல்லர், பலருக்கு வேறு நோய்களும் இருந்தன. என்றாலும் 44 விழுக்காட்டினருக்கு வாயுப் பரிமாற்றம் குறைந்திருந்தது. 35 விழுக்காட்டினருக்கு நுரையீரல் விரிவது குறைந்திருந்தது. முதல் எண் இரண்டாவதைவிடப் பெரியது என்பதை நான் கவனிக்கிறேன். ஊதலை மட்டும் பார்த்து நிறுத்தியிருந்தால் ஒரு கூட்டம் நார்மல் என்று வீட்டுக்குப் போயிருக்கும்.

கருவிக்கு எதிராக மரபை நிறுத்துகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மூச்சை எண்ணுவதில் நம் யோகிகளை மிஞ்ச ஆளில்லை. ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்பது அவர்கள் கணக்கு. சிதம்பரம் பொன்னம்பலத்தின் ஓடுகளும் அத்தனை என்பார்கள். 1,440 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 15. இன்றைய மருத்துவம் ஓய்வில் இருக்கும் ஒருவருக்கு 12 முதல் 20 வரை என்கிறது. எண்ணுவதில் மரபுக்கும் மருத்துவத்துக்கும் பகை இல்லை.

இனி மறுப்புகள். எல்லாவற்றிலும் வலிய மறுப்பு 2021 ஏப்ரல், மே மாதங்களிலிருந்து வருகிறது. பெங்களூரில் ஒரே நாளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியான வாரங்கள் அவை. ஆக்சிமீட்டர் வாங்காத வீடு குறைவு. 94-க்குக் கீழே போனால் மருத்துவமனை என்பது குழந்தைக்கும் தெரிந்திருந்தது. அப்போது மருத்துவர்களைத் திகைக்கவைத்தது ஹேப்பி ஹைப்பாக்ஸியா. எண் எண்பதுக்குக் கீழே கிடக்கும், ஆனால் நோயாளி போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். கேட்டால், எனக்கு ஒன்றும் செய்யவில்லை என்பார். தன்வேதனைக் காட்சி அங்கே எங்கே போயிற்று? கருவியை நம்பியவர்கள் பிழைத்தார்கள், உணர்வை நம்பியவர்களில் சிலர் வீட்டிலேயே இறந்தார்கள். இன்று மட்டும் உணர்வுக்கு ஏன் முடிசூட்ட வேண்டும்?

நியாயமான கேள்வி. ஆனால் அந்த நோயாளியின் சொல்லில் இரண்டு வாக்கியங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ‘மூச்சுத் திணறல் இல்லை’ என்பது ஒன்று. அது உண்மையாகவே இருந்தது. ‘ஆகவே என் உடலில் ஆக்ஸிஜன் போதுமான அளவு இருக்கிறது’ என்பது மற்றொன்று, அது பொய். இரண்டாவது வாக்கியம் கருதல். இரத்தத்திலுள்ள ஆக்ஸிஜன் மனிதருக்கு நேராக உணரக் கிடைக்கும் பொருளே அல்ல. மூச்சு முட்டும் உணர்வைப் பெரும்பாலும் எழுப்புவது கார்பன் டை ஆக்ஸைடு. ஆக்ஸிஜன் வெகுவாக இறங்கும் வரை உடல் அதைக் கண்டுகொள்வதில்லை. கரியமில வாயு தடையின்றி வெளியேறிக்கொண்டிருந்தால் மணி அடிக்காது. ஆகவே திணறல் இல்லாதது ஆக்ஸிஜன் குறையவில்லை என்பதற்குச் சான்றல்ல. இருட்டறையும் குடமும் மறுபடியும் வருகின்றன, இம்முறை இருட்டு நம் உள்ளே. அன்று உணர்வைக் கொண்டு ஆக்ஸிஜனை மறுத்தது பிழை என்றால், இன்று ஆக்ஸிஜன் எண்ணைக் கொண்டு உணர்வை மறுப்பதும் அதே பிழைதான். 98 என்ற எண் இளைப்பைப் பற்றி எதையும் சொல்லவில்லை.

அடுத்தவர் சொல்வார்: இதெல்லாம் பதற்றம். பொதுமுடக்கத்தில் ஓரறை வீட்டில் மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்தே இரண்டு வருடம் போனது, எடை கூடியது, உடம்பு பழக்கம் விட்டுப்போனது. அதைக் கோவிட்டின் தலையில் போடுகிறார்கள். பலரிடம் இது உண்மையாகவே இருக்கக்கூடும். வேகவேகமாக மேல்மூச்சு விடும் பழக்கம் நோய்க்குப் பின் ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஆனால் இவை எல்லாமே ‘ஏன்’ என்ற கேள்விக்கான விடைகள். சோதித்துத் தீர்மானிக்க வேண்டியவை. கயிற்றைப் பாம்பென்று மயங்கியவருக்கு விளக்கேற்றிக் கயிற்றைக் காட்டலாம். அவர் பயந்தார் என்பதை எந்த விளக்கும் பொய்யாக்க முடியாது. வியர்வை உண்மை, படபடத்த நெஞ்சு உண்மை. காட்சிக்கு ஐயமும் திரிபும் குற்றங்கள் என்று தார்க்கிகர்கள் சொன்னது பாம்பைப் பற்றி. பயத்தில் திரிபுக்கு இடமேது? பயப்படுவதாகத் தோன்றுவதற்கும் பயப்படுவதற்கும் நடுவே ஓர் ஊசி நுழையாது. மூச்சிரைப்பும் அப்படித்தான். இங்கிலாந்தில் தேசிய ஓபரா நிறுவனமும் லண்டன் இம்பீரியல் கல்லூரியும் சேர்ந்து, கோவிட்டுக்குப் பின் மூச்சிரைப்பு விடாத 150 பேரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பாட்டு வழியாக மூச்சுப் பயிற்சி கொடுத்து, மற்றவர்களோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். தாலாட்டுகள்தான் பாடம். மனநிலை மேம்பட்டது, மூச்சிரைப்பின் சில கூறுகளும் தணிந்தன. பாட்டால் தணிந்ததால் அது நினைப்புத்தான் என்று முடிவு கட்டுபவர், தைலத்தால் தணிந்த தலைவலியைப் பற்றி என்ன சொல்வார் என்று தெரியவில்லை.

இதுவரை உணர்பவரின் பக்கம் பேசினேன். கோட்டின் மறுபக்கத்தில் நடக்கும் அத்துமீறல் கர்நாடகத்தில் இன்னும் உரக்கக் கேட்கிறது. 2021 அக்டோபர் 29 அன்று நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் மாரடைப்பால் இறந்தார். அன்று காலை உடற்பயிற்சி செய்திருந்தார். அடுத்த நாட்களில் ஜெயதேவா இதய மருத்துவமனையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்த இளையவர்களின் கூட்டம் அலைமோதியது. 2025 ஜூனில் ஹாசன் மாவட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் சில வாரங்களுக்குள் மாரடைப்பால் இறந்தார்கள் என்ற செய்தி வந்தபோது, கோவிட் தடுப்பூசிதான் காரணமோ என்ற ஐயத்தை முதலமைச்சர் சித்தராமையாவே பொதுவெளியில் எழுப்பினார். ஒன்றிய சுகாதார அமைச்சகம் மறுத்தது. மாநிலம் அமைத்த நிபுணர் குழுவும் தடுப்பூசியோடு தொடர்பு காணவில்லை. அதற்கு முன்பே ஐசிஎம்ஆர், 18 முதல் 45 வயதுக்குள் திடீரென இறந்த 729 பேரை, உயிரோடு இருந்த 2,916 பேரோடு ஒப்பிட்டு 2023-இல் வெளியிட்ட ஆய்வு இருந்தது. தடுப்பூசி அபாயத்தைக் கூட்டவில்லை, இரண்டு தவணை போட்டவர்களுக்கு அது குறைந்தே இருந்தது. அபாயத்தைக் கூட்டியவை கோவிட்டுக்காக மருத்துவமனையில் கிடந்தது, குடும்பத்தில் திடீர் மரணம், இறப்புக்கு முந்தைய இரண்டு நாட்களுக்குள் மிதமிஞ்சிக் குடித்தது, அதே இரண்டு நாட்களுக்குள் கடுமையாக உடலை வருத்தியது போன்றவை. நெஞ்சு கனக்கிறது என்று சொல்பவரை நம்ப நான் கடமைப்பட்டவன். ஊசியால்தான் கனக்கிறது என்று அதே மூச்சில் அவர் சேர்த்துச் சொல்வதை நம்பக் கடமைப்பட்டவன் அல்லன். முன்னதை அவர் கண்டார். பின்னதைக் கருதினார், கருதலுக்கு, புகையும் நெருப்பும்போல விளைவும் காரணமும் எப்போதும் சேர்ந்தே இருப்பதைக் காட்ட வேண்டும், அதை யாரும் காட்டவில்லை.

வேதாந்திகளின் மறுப்பு வேறு மாதிரி. நீ உடல் அல்ல, மூச்சும் நீ அல்ல; சாட்சியாக நில். பெங்களூரைச் சுற்றி ஜிகனியிலிருந்து கனகபுரா சாலை வரை மூச்சைச் சொல்லிக்கொடுக்கும் இடங்களுக்குக் குறைவில்லை என்பதால் இந்தக் குரல் இங்கே அதிகம் கேட்கும். இதன் உண்மைபொய்யை நான் இங்கே தீர்க்கப்போவதில்லை. ஆனால் ‘நான் உடல் அல்ல’ என்பது தன்மையில் சொல்ல வேண்டிய வாக்கியம். அதை முன்னிலையில் திருப்பி, மூச்சிரைக்கும் ஒருவரிடம் ‘நீ உடல் அல்ல’ என்று சொன்னால், ஞானம் அலட்சியமாக மாறிவிடுகிறது. வினைப்பயன் என்ற விளக்கமும் இப்படித்தான்: அதுவும் ‘ஏன்’ பற்றிய கருதல், சோதிக்க வழியில்லாத கருதல். உடற்பயிற்சிக் கூடத்தில் கிடைக்கும் அறிவுரை இதற்குப் பங்காளி: தள்ளு, இன்னும் கொஞ்சம் தள்ளு, சரியாகிவிடும். பழக்கம் விட்ட உடம்புக்கு அது மருந்து. ஆனால் ஆம்ஸ்டர்டாமில் நீண்டகாலக் கோவிட் உள்ள 25 பேரைக் கால்மணி நேரம் சைக்கிள் மிதிக்கவைத்து, முன்னும் பின்னும் தசையிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்த்த ஆய்வு 2024-இல் வந்தது. உழைப்புக்குப் பின் அவர்கள் தசைகளின் ஆற்றல் உற்பத்தி மேலும் குலைந்து, திசுச் சேதமும் கூடியிருந்தது. இப்படிப்பட்டவர் ‘நேற்று ஓடினேன், இன்று எழுந்திருக்க முடியவில்லை’ என்று சொல்லும்போது அதைச் சோம்பல் என்று படிப்பவர் அவருக்குக் கெடுதல் செய்கிறார்.

கடைசியாக, பொய் சொல்கிறவர்கள். உணர்வுக்கு மறுப்பில்லை என்றால் விடுப்பு வேண்டிய எவரும் மூச்சு வாங்குகிறது என்று சொல்லிவிடலாமே? சொல்லலாம். தன்வேதனை உணர்பவருக்குத்தான் காண்டல். கேட்பவருக்கு அது உரைதான், உரைக்கு நம்பத்தக்கவரா என்ற சோதனை உண்டு. அந்தச் சோதனையை நேர்மையாக நடத்தினால், நோயைச் சொல்வதால் என்ன கிடைக்கிறது என்பதோடு என்ன போகிறது என்பதையும் கூட்ட வேண்டும். இந்த நகரத்தில் இருபதுகளில் இருப்பவருக்குப் பதவி உயர்வும் கல்யாணப் பேச்சும் ஒரே சமயத்தில் நடக்கும் காலம் அது. மறைப்பதற்குத்தான் காரணங்கள் அதிகம். உரையை நம்பியதால் மருத்துவம் கெட்டுப்போகவில்லை என்பதற்கு இந்த நோயின் பெயரே சான்று. ‘லாங் கோவிட்’ என்ற சொல்லை 2020 மே மாதம் முதலில் எழுதியவர் மருத்துவர் அல்லர். நோயுற்றிருந்த இத்தாலியத் தொல்லியலாளர் எலிசா பெரேகோ. உலக சுகாதார நிறுவனம் அதற்கு வரையறை கொடுத்தது 2021 அக்டோபரில். அந்தப் பதினேழு மாதமும் நோயாளிகளின் சொல்தான் முன்னே நடந்தது.

மருத்துவத்துக்குள்ளேயே தன்வேதனைக் காட்சிக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஆறு நிமிட நடைச் சோதனை என்று ஒன்று உண்டு. முப்பது மீட்டர் நடைகூடத்தில் நோயாளி போய்வந்துகொண்டிருப்பார். நடந்த தூரம், நாடித்துடிப்பு, ஆக்ஸிஜன் எல்லாம் படிவத்தில் ஏறும். கூடவே, ஸ்வீடன் உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்த அளவுகோலைக் காட்டி, சுழியத்திலிருந்து பத்துக்குள் உங்கள் இளைப்பு எவ்வளவு என்று நடக்கும் முன்னும் பின்னும் கேட்பார்கள். அந்தக் கட்டத்தை நிரப்ப எந்தக் கருவியும் இல்லை. நடந்தவர் வாய்திறந்து ஏழு என்றால் ஏழு என்றுதான் எழுத வேண்டும். பக்கத்துக் கட்டத்தில் ஆக்ஸிஜன் 98 என்று இருந்தாலும் அதைப் பார்த்து ஏழை இரண்டாகத் திருத்தும் உரிமை சோதனை நடத்துபவருக்குக் கொடுக்கப்படவில்லை.